பொருளின் நிலைகளும் எதிர்ப்பொருளின் மறைவும்

பள்ளிப் பாடத்தில் பொருளுக்கு மூன்று நிலைகள்: திண்மம், திரவம், வாயு. மேல்வகுப்பில் பிளாஸ்மா நான்காவதாக வந்து சேர்கிறது. கல்லூரியில் போஸ்-ஐன்ஸ்டீன் செறிபொருள் ஐந்தாவது. பொது அறிவு நூல்களும் காணொளிகளும் இந்த வரிசையை நீட்டிக்கொண்டே போய், கடைசியில் எதிர்ப்பொருளையும் ஒரு நிலையாகச் செருகிவிடுவது உண்டு. பிசகு அங்கேதான். துகள்கள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதைச் சொல்வது நிலை. அந்தத் துகள்கள் எவை என்பதைச் சொல்வது பொருள், எதிர்ப்பொருள் என்ற பாகுபாடு. எதிர் ஹைட்ரஜன் போதிய அளவு கிடைத்தால் அதுவும் 14 கெல்வினில் உருகும், 20 கெல்வினில் கொதிக்கும் என்றுதான் இன்றைய இயற்பியல் எதிர்பார்க்கிறது. ஆகவே இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். ஆனாலும் ஓர் இடத்தில் இரண்டும் வந்து முட்டுகின்றன. பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் இருந்த எதிர்ப்பொருள் எங்கே போயிற்று என்ற புதிரின் விடை, அன்றைய பிரபஞ்சம் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு எந்த விதமாக மாறியது என்பதைப் பெரிதும் சார்ந்திருக்கிறது.

நிலையிலிருந்து தொடங்குவோம். ஒற்றை நீர் மூலக்கூறுக்குத் திண்மம், திரவம் என்ற பேச்சே கிடையாது. கோடானுகோடி மூலக்கூறுகள் கூடும்போதுதான் நிலை பிறக்கிறது. ஒன்றையொன்று இழுக்கும் விசைக்கும் வெப்பம் தரும் அலைச்சலுக்கும் நடக்கும் போட்டியில் எது எந்த அளவுக்கு மேலோங்குகிறது என்பதே நிலையைத் தீர்மானிக்கிறது. வெப்பநிலையோடு அழுத்தமும் இதில் பங்காளி. 0.01 டிகிரி செல்சியஸில், 611 பாஸ்கல் அழுத்தத்தில், பனிக்கட்டியும் நீரும் ஆவியும் ஒரே கலத்தில் ஒன்றாக நிலைத்திருக்கும். வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல ஆயிரம் மடங்கு அழுத்தினால் பனிக்கட்டியே வேறு வேறு படிக அமைப்புகளை எடுக்கிறது. இதுவரை ஏறத்தாழ இருபது வகை கண்டிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றுதான் நாம் குளிர்பெட்டியில் பார்ப்பது.

இந்த நிலைகளுக்கு நடுவே உள்ள எல்லை எப்படிப்பட்டது? என் பார்வையில், முழு விஷயத்துக்கும் திறவுகோல் இந்தக் கேள்விதான். 1822-ல் பிரான்சில் சார்ல் கான்யார் த லா தூர் ஒரு துப்பாக்கிக் குழலில் திரவத்தையும் ஒரு சிக்கிமுக்கிக் கல் உருண்டையையும் இட்டு அடைத்துச் சூடேற்றினார். குழலை உருட்டும்போது உள்ளே திரவம் சளசளக்கும் ஓசை கேட்கும். ஒரு குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டியதும் அந்த ஓசை நின்றுவிட்டது. உள்ளே திரவம், வாயு என்ற பிரிவே இல்லாமல் போய்விட்டிருந்தது.

அரை நூற்றாண்டு கழித்து, பெல்ஃபாஸ்ட் நகரில் தாமஸ் ஆண்ட்ரூஸ் கரியமில வாயுவை வைத்து இதைத் துல்லியமாக அளந்தார். 31 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அழுத்தினால் வாயு திரவமாகிறது. இரண்டுக்கும் நடுவே பளிச்சென்று ஒரு பரப்பு தெரிகிறது. அந்த வெப்பத்துக்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் பரப்பு தோன்றுவதில்லை. அடர்த்தி மட்டும் சீராக ஏறிக்கொண்டு போகிறது. 1869-ல் அவர் அறிவித்த இந்த முடிவைத்தான் மாறுநிலைப் புள்ளி என்று படிக்கிறோம். நீருக்கு அது 374 டிகிரி செல்சியஸ், ஏறத்தாழ 218 வளிமண்டல அழுத்தம்.

இதன் உட்பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு முடிவில்லாமல் நீள்வதில்லை. ஒரு புள்ளியில் நின்றுவிடுகிறது. கோட்டைக் குறுக்கே கடந்தால் கொதிப்பு உண்டு, குமிழி உண்டு, உள்ளுறை வெப்பம் உண்டு. கோட்டின் முனையைச் சுற்றிக்கொண்டு போனாலோ, ஒரு குமிழிகூட எழாமல் நீரை ஆவியாக்கிவிடலாம். தொடங்கிய இடம் ஒன்று, சேர்ந்த இடம் ஒன்று. வழி மட்டும் வேறு. ஒன்று திடீர் மாற்றம், மற்றது வழுக்கிச் செல்லும் மாற்றம். இந்த வேறுபாடு பின்னால் பிரபஞ்சத்தின் கதையிலேயே வந்து நிற்கப்போகிறது. புள்ளிக்கு அப்பாலுள்ள கரியமில வாயு, வாயுவைப் போல நுழைந்து திரவத்தைப் போலக் கரைக்கும். காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரிக்க ஆலைகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

திண்மத்துக்கும் திரவத்துக்கும் இடையே இப்படிச் சுற்றுவழி எதுவும் தென்படவில்லை. காரணத்தை 1937-ல் சோவியத் இயற்பியலர் லெவ் லாண்டாவ் சமச்சீரில் கண்டார். திரவமும் வாயுவும் எந்தத் திசையில் பார்த்தாலும் ஒன்றுபோல இருப்பவை. படிகத்துக்கோ திசையும் ஒழுங்கும் உண்டு. சமச்சீர் ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. பாதி இருப்பது என்று ஒன்றில்லை. ஆகவே உருகுதலை மழுப்பிவிட முடியாது. நிலைகளை எண்ணிக்கையில் அடுக்குவதைவிட, ஒரு மாற்றத்தில் எந்தச் சமச்சீர் குலைகிறது என்று கேட்பதே பயன் தரும் என்பதை லாண்டாவ் காட்டிக்கொடுத்தார். மூன்றா, நான்கா, ஐந்தா என்று எண்ணும் பழக்கத்தை நம் பாடநூல்கள் இன்னும் விடாதது எனக்கு வருத்தம்.

பிளாஸ்மாவை எடுத்துக்கொள்வோம். 1879-ல் ஷெஃபீல்டு நகரில் வில்லியம் குரூக்ஸ் தன் வெற்றிடக் குழாய்களுக்குள் ஒளிர்ந்த பொருளை நான்காம் நிலை என்று அறிவித்தார். பிளாஸ்மா என்ற பெயரை 1928-ல் இர்விங் லாங்மியூர் வைத்தார். ஆனால் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் எப்போது, எத்தனை கழன்றுபோகும் என்பதைக் கணக்காகத் தந்தவர் மேகநாத் சாஹா. 1920-ல் கல்கத்தாவில் அவர் எழுதிய சமன்பாடு, விண்மீன்களின் நிறமாலையைப் பார்த்தே அவற்றின் வெப்பத்தைச் சொல்ல வழிசெய்தது. அந்தச் சமன்பாட்டில் கொதிநிலை போன்ற ஒற்றை எண் கிடையாது. வெப்பம் ஏற ஏற அயனிகளின் பங்கு படிப்படியாகக் கூடுகிறது. அப்படியானால் பிளாஸ்மாவைத் தனி நிலை என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பதே என் கருத்து. கழன்ற மின்சுமைகள் போதிய அளவு சேர்ந்ததும், காந்தப்புலத்துக்குக் கட்டுப்பட்டுக் கூட்டாக அசையத் தொடங்கிவிடுகின்றன. சாதாரண வாயுவுக்கு அந்த நடத்தை கிடையாது. கண்ணுக்குத் தெரியும் பிரபஞ்சத்தின் பெரும்பகுதி, சூரியன் உட்பட, இந்த நிலையில்தான் இருக்கிறது.

குளிரின் பக்கம் போனால் குவாண்டம் விதிகள் கண்ணுக்குத் தெரியும் அளவில் வெளிவருகின்றன. 1908 ஜூலை 10 அன்று லெய்டன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார், 4.2 கெல்வினில். 2.17 கெல்வினுக்குக் கீழே அதே ஹீலியம் பாகுத்தன்மையை இழந்து, பாத்திரத்தின் சுவரில் ஏறி வெளியே வழிகிறது. 1938-ல் இதை மாஸ்கோவில் கபிட்சாவும் கேம்பிரிட்ஜில் ஆலன், மைஸ்னர் இருவரும் வெளியிட்டார்கள். சாதாரண அழுத்தத்தில் ஹீலியத்தை எவ்வளவு குளிர்வித்தாலும் அது உறைவதில்லை. தனிச்சுழி வெப்பநிலையிலும் அதன் அணுக்களுக்குள் ஓயாத குவாண்டம் நடுக்கம் மிச்சமிருக்கிறது. உறையவைக்க 25 வளிமண்டல அழுத்தம் வேண்டும்.

1924 ஜூன் 4 அன்று டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டீனுக்கு ஒரு கடிதமும் கட்டுரையும் அனுப்பினார். ஒளித்துகள்களை எண்ணும் புதிய முறை அதில் இருந்தது. ஐன்ஸ்டீன் அதைத் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டு, அணுக்களுக்கும் விரித்தார். போதிய அளவு குளிர்ந்தால் அணுக்கள் அனைத்தும் ஒரே குவாண்டம் நிலையில் போய் விழ வேண்டும் என்பது அதிலிருந்து கிடைத்த முடிவு. கணக்கிலிருந்து கைக்கு வர எழுபது ஆண்டுகள் ஆயின. 1995-ல் அமெரிக்காவின் போல்டரில் எரிக் கார்னெல், கார்ல் வீமன் இருவரும் ருபீடியம் அணுக்களை ஒரு கெல்வினில் கோடியில் இரண்டு பங்கு அளவுக்குக் குளிர்வித்து அந்த நிலையை எட்டினார்கள். வோல்ஃப்காங் கெட்டர்லே சோடியத்தில் அதைச் செய்தார். மூவருக்கும் 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இவற்றுக்கு வெளியேயும் நிலைகள் குவிந்து கிடக்கின்றன. 1888-ல் தாவரவியலர் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் ஒரு கொலஸ்டிரால் சேர்மம் 145.5 டிகிரியில் கலங்கலாக உருகி, 178.5 டிகிரியில் தெளிவதைக் கண்டார். திரவப் படிகத்தின் வரலாறு அங்கே தொடங்குகிறது. தட்டு வடிவ மூலக்கூறுகள் அடுக்கடுக்காகத் தூண் கட்டும் புதிய வகையை, 1977-ல் பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் எஸ். சந்திரசேகரும் அவருடைய குழுவினரும் கண்டார்கள். கண்ணாடி திண்மமா, உறைந்துபோன திரவமா என்ற விவாதம் இன்றும் தீரவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: பழைய தேவாலய ஜன்னல் கண்ணாடிகள் கீழே தடித்திருப்பது நூற்றாண்டுகளாக வழிந்ததால் அல்ல, அந்தக் காலத்துத் தயாரிப்பு முறையே அப்படி.

இன்னொரு சந்திரசேகரும் இந்த வரலாற்றில் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் கப்பலில் இங்கிலாந்து சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், அந்தப் பயணத்திலேயே வெண்குறுமீன்களைப் பற்றிக் கணக்கிட்டார். அவற்றுக்குள் ஒரு கன செண்டிமீட்டர் பொருள் டன் கணக்கில் எடையிருக்கும். அதைத் தாங்கி நிற்பது வெப்பமன்று. ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற விதி. அந்தத் தாங்குதலுக்கும் ஓர் எல்லை உண்டு, அது சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பதே அவர் கண்டது. அதை உலகம் முழுமையாக ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. நோபல் பரிசு 1983-ல் வந்தது.

எதிர்ப்பொருளுக்கு வருவோம். அந்தச் சொல்லை முதலில் அச்சில் ஏற்றியவர்களுள் மான்செஸ்டர் பேராசிரியர் ஆர்தர் ஷூஸ்டர் முக்கியமானவர். 1898-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு விடுமுறைக் கனவாக அவர் எழுதினார்: நம் பொருளைத் தள்ளும் ஈர்ப்புள்ள இன்னொரு வகைப் பொருள் இருக்கலாம், விண்மீன் கூட்டங்களே அதனால் ஆகியிருக்கலாம் என்று. அது வெறும் ஊகம்; பின்னால் ஒரு கோட்பாடு கிடையாது. கோட்பாடு 1928-ல் பால் டிராக்கிடமிருந்து வந்தது. குவாண்டம் விதியையும் சார்பியலையும் ஒன்றாக நிறைவேற்றும் சமன்பாட்டை எலெக்ட்ரானுக்கு அவர் எழுதியபோது, எதிர்க்குறி ஆற்றல் கொண்ட விடைகளும் கூடவே வந்தன. அவற்றை ஒதுக்கித்தள்ள வழியில்லை. முதலில் அவை புரோட்டானைக் குறிக்கலாம் என்று நினைத்தார். நிறை ஒத்துவராது என்று பிறர் காட்டியபின், 1931-ல் எலெக்ட்ரானின் நிறையும் நேர்மாறான மின்சுமையும் கொண்ட புதிய துகளைத் துணிந்து முன்வைத்தார்.

அந்தத் துகளின் சுவடு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது என்பது வியப்பு. 1930-ல் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் சீன மாணவர் சாவ் சுங்-யாவ், ஈயம் காமாக் கதிரை எதிர்பார்த்ததைவிட அதிகமாக விழுங்குவதையும் அரை மெகா எலெக்ட்ரான்வோல்ட் அளவில் ஒரு கதிர் கூடுதலாக வெளிப்படுவதையும் அளந்திருந்தார். பாசிட்ரான் என்று பின்னால் பெயர் பெற்ற அந்தத் துகள் பிறந்து அழிவதன் அடையாளம் அது. அன்று யாருக்கும் புரியவில்லை. அதே நிறுவனத்தில் கார்ல் ஆண்டர்சன் 1932 ஆகஸ்ட் 2 அன்று எடுத்த முகிலறைப் படத்தில், 6 மில்லிமீட்டர் ஈயத்தகட்டைக் கடந்த ஒரு தடம் காந்தப்புலத்தில் வளைந்து கிடந்தது. தகட்டைக் கடந்தபின் துகள் வேகம் குறைந்து கூடுதலாக வளையும். ஆகவே அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது தெளிவு. திசை தெரிந்ததும் மின்சுமை நேர்க்குறி என்பதும் தெளிவாயிற்று. ஒரு தகட்டை நடுவில் வைத்த யோசனை அத்தனை சந்தேகத்தையும் தீர்த்துவிட்டது. மூன்றே ஆண்டுகளில், கேம்பிரிட்ஜில் இருந்த ஹோமி பாபா எலெக்ட்ரானும் பாசிட்ரானும் ஒன்றையொன்று சிதறடிக்கும் விதத்தைக் கணக்கிட்டார். எலெக்ட்ரான்-பாசிட்ரான் மோதிகளில் கற்றையின் செறிவை அளக்க இன்றும் ‘பாபா சிதறல்’தான் அளவுகோல்.

எதிர்ப்புரோட்டானுக்கு இயற்கையின் கையை எதிர்பார்க்காமல் இயந்திரமே கட்டினார்கள். பெர்க்லியின் பெவட்ரான் முடுக்கியில் 1955-ல் செக்ரேயும் சேம்பர்லைனும் தம் குழுவினரோடு அதைக் கண்டுபிடித்தார்கள். பல பத்தாயிரம் வேறு துகள்களுக்கு நடுவே ஒன்று என்ற வீதத்தில். அடுத்த ஆண்டே எதிர்நியூட்ரானும் கிடைத்தது. அதற்கு மின்சுமை இல்லை. ஆனாலும் நியூட்ரானை ஆக்கும் குவார்க்குகளின் எதிர்த்துகள்களே உள்ளே இருப்பதால் நியூட்ரானைச் சந்தித்தால் இரண்டும் அழியும். எதிர் என்பது மின்சுமையின் குறி மட்டுமே என்ற எண்ணத்தை இது திருத்துகிறது.

எதிர்ப்பொருள் அபூர்வமான ஒன்று என்ற எண்ணமும் திருத்தம் வேண்டுவது. ஒரு வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பாசிட்ரானை வெளிவிடும். அது பிறந்த இடத்திலேயே எலெக்ட்ரானைச் சந்தித்து முடிந்துபோகும். புற்றுநோய் மருத்துவமனைகளில் ‘பெட் ஸ்கேன்’ எடுக்கும்போது ஃபுளூரின்-18 கலந்த சர்க்கரையை ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். சர்க்கரையை அதிகம் இழுக்கும் கட்டியில் அது சேர்ந்து பாசிட்ரான்களை வெளிவிட, ஒவ்வொரு அழிவிலும் 5,11,000 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமா ஃபோட்டான்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்புகின்றன. அந்த இரண்டையும் பிடித்துக் கோடு போட்டால் கட்டி இருக்கும் இடம் தெரிகிறது. ஃபுளூரின்-18 ஏறத்தாழ 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரானிலிருந்து மருத்துவமனைக்கு நேரத்தோடு போட்டியிட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். சமன்பாட்டிலிருந்து பிறந்த துகள், தினமும் உயிர் காக்கும் வேலையில் இருக்கிறது.

துகள் கிடைப்பது எளிது. அதைப் பொருளாகச் சேர்த்து வைப்பதுதான் கடினம். நிலை என்ற கேள்வியை எதிர்ப்பொருளிடம் கேட்கப்போனால் இந்தக் கடினம் உடனே தெரியும். எதிர்ப்பொருள் எந்தப் பாத்திரத்தின் சுவரையும் தொடக்கூடாது. மின்சுமை உள்ளவற்றை மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து வெற்றிடத்தில் நிறுத்தும் பொறிகள் தாங்கும். அப்படிச் சேர்த்துவைத்த கோடிக்கணக்கான பாசிட்ரான்கள் ஒரு பிளாஸ்மா. ஒரே குறி மின்சுமை மட்டும் உள்ள விசித்திரமான பிளாஸ்மா. எதிர்ப்பொருளில் மனிதன் கைக்கு வந்து ஓரளவு நிலைத்திருக்கும் நிலை இது. பாசிட்ரானும் எலெக்ட்ரானும் ஒன்றையொன்று சுற்றும் பாசிட்ரோனியம் அணுவை 1951-ல் மார்ட்டின் டாய்ச் கண்டார். அதன் நீண்ட ஆயுள் வகையே ஒரு நொடியில் கோடியில் ஒன்றரைப் பங்குதான் வாழ்கிறது. அந்தச் சொற்ப நேரத்துக்குள் 2007-ல் இரண்டு பாசிட்ரோனியங்களைச் சேர்த்து மூலக்கூறாக்கினார்கள். 2024-ல் லேசரால் குளிர்வித்தும் காட்டினார்கள். அதைப் போஸ்-ஐன்ஸ்டீன் செறிபொருளாக்குவது அடுத்த கனவு.

எதிர் ஹைட்ரஜன் அணு முதன்முதலில் 1995-ல் செர்ன் ஆய்வகத்தில் உருவாயிற்று. மொத்தம் ஒன்பது அணுக்கள், ஒளிக்கு நெருங்கிய வேகத்தில். அளந்து பார்க்க அவகாசமே இல்லை. மின்சுமையற்ற அணுவைப் பிடித்துவைப்பது இன்னும் சிக்கல். அதன் நுண்ணிய காந்தத்தன்மையை மட்டுமே பற்றிக்கொள்ள முடியும். அந்தப் பிடி அரைக் கெல்வினுக்கு மேல் சூடான அணுவைத் தாங்காது. ஜெஃப்ரி ஹேங்ஸ்ட் தலைமையிலான ஆல்ஃபா குழு 2010-ல் 38 அணுக்களைப் பிடித்தது. அடுத்த ஆண்டு 1,000 நொடிகள் வரை வைத்திருந்தது. 2016-ல் லேசரைப் பாய்ச்சி நிறமாலையைப் பார்த்தார்கள். 2018-க்குள் இலட்சம் கோடியில் இரண்டு பங்கு என்ற துல்லியத்தில் அது ஹைட்ரஜனை ஒத்திருந்தது. 2023-ல் ஷூஸ்டரின் கனவுக்கும் விடை வந்தது. செங்குத்தான பொறியின் இரு முனைகளையும் மெல்லத் திறந்தபோது, எதிர் ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு கீழ்ப்பக்கமாக வெளியேறின. எதிர்ப்பொருளும் பூமியை நோக்கியே விழுகிறது.

இந்த அளவுகளைக் கேட்டபின் எதிர்ப்பொருள் குண்டு, எதிர்ப்பொருள் ராக்கெட் என்ற பேச்சுகளை எடைபோடலாம். ஒரு கிராம் எதிர்ப்பொருள் ஒரு கிராம் பொருளோடு அழிந்தால் ஹிரோஷிமா குண்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு ஆற்றல் வெளிப்படும் என்பது சரியே. ஆனால் செர்ன் இதுவரை உண்டாக்கிய எதிர்ப்பொருள் அனைத்தையும் சேர்த்தாலும், ஒரு மின்விளக்கு சில நிமிடங்களே எரியும். உண்டாக்கச் செலவாகும் ஆற்றலோ அதைப் போலப் பல கோடி மடங்கு. எரிபொருளாகக் கருத அதில் எதுவும் இல்லை.

எதிர்ப்பொருளுக்கும் இருண்ட பொருளுக்கும் தொடர்பில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இருண்ட பொருள் ஒளியோடு எந்த உறவும் வைத்துக்கொள்வதில்லை. எதிர் விண்மீன் ஒன்று இருந்தால் நம் சூரியனைப் போலவே ஒளிரும். ஒளியை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஏனெனில் ஃபோட்டானுக்கு எதிர்த்துகள் ஃபோட்டானேதான்.

அப்படியானால் நாம் காணும் விண்மீன் கூட்டங்களில் பாதி எதிர்ப்பொருளாக இருக்கக்கூடாதா? பிளாஸ்மா இயற்பியலின் மேதை, 1970-ல் நோபல் பரிசு பெற்ற ஹான்னஸ் ஆல்ஃவேன், ஆஸ்கர் கிளைனோடு சேர்ந்து இதை உறுதியாக வாதிட்டார். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி தன் ஆவியின் மேலேயே மிதந்து ஓடுவது போல, பொருளும் எதிர்ப்பொருளும் சந்திக்கும் எல்லையில் எழும் சூடான மெல்லிய படலமே இரண்டையும் விலக்கி நிறுத்தும் என்றார். அழகான யோசனை, அதற்காக அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த எல்லைகளிலிருந்து வரவேண்டிய காமாக் கதிர் வரவில்லை. 1998-ல் கோஹன், தெ ரூஹுலா, கிளாஷோ மூவரும் செய்த கணக்கின்படி, எதிர்ப்பொருள் மண்டலம் இருந்தால் அது நாம் காணக்கூடிய பிரபஞ்சத்துக்கு ஏறத்தாழ நிகரான தொலைவில்தான் இருக்க முடியும். 2011 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இயங்கும் ஏ.எம்.எஸ். கருவி, எதிர் ஹீலியம் அணுக்கரு ஏதும் வந்து சேருகிறதா என்று இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிரபஞ்சத்தின் தொடக்கத்திலோ பொருளும் எதிர்ப்பொருளும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. அந்த நிலையின் ஒரு துளியை நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் பொன் அணுக்கருக்களை மோதவிட்டு மீண்டும் உண்டாக்கினார்கள். 4 இலட்சம் கோடி டிகிரியில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் கரைந்து, குவார்க்குகளும் எதிர்க்குவார்க்குகளும் குளுவான்களும் கலந்த ஒரு பாய்மமாகின்றன. வாயுவாக இருக்கும் என்று எதிர்பார்த்தது, தடை மிகக் குறைந்து ஓடும் திரவமாக நடந்துகொண்டது என்று 2005-ல் அறிவித்தார்கள். அது குளிரும்போது எதிர் அணுக்கருக்களும் உறைந்து வெளிவருகின்றன. 2011-ல் அப்படி 18 எதிர் ஹீலியம்-4 கருக்கள் கிடைத்தன.

பிரபஞ்சம் குளிர்ந்தபோது துகளும் எதிர்த்துகளும் அழிந்து ஒளியாயின. இன்று ஆயிரம் கோடி ஃபோட்டான்களுக்கு ஆறு புரோட்டான் அல்லது நியூட்ரான் என்ற கணக்கில் மிச்சம் இருக்கிறது. நூறு கோடி எதிர்த்துகள்களுக்கு நூறு கோடியே ஒன்று என்ற அளவில் பொருள் கூடுதலாக இருந்திருக்கிறது. அந்த ஒன்றுதான் விண்மீன்களும் கோள்களும் நாமும். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது?

1967-ல் ஆந்திரே சாகரவ் மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். புரோட்டான் வகைத் துகள்களின் நிகர எண்ணிக்கை மாறக்கூடியதாக இருக்க வேண்டும். பொருளையும் எதிர்ப்பொருளையும் இயற்கை விதிகளே சற்று வேறாக நடத்த வேண்டும். இவை நிகழும்போது பிரபஞ்சம் வெப்பச் சமநிலையிலிருந்து விலகியிருக்க வேண்டும். இரண்டாவது உண்டு என்பது 1964-லேயே தெரிந்துவிட்டது. கே-மெசான்களின் சிதைவில் ஐந்நூறில் ஒன்று வீதம் எதிர்பாராத வழியில் நடப்பதைக் குரோனினும் ஃபிட்சும் புரூக்ஹேவனில் கண்டார்கள். 2025-ல் செர்னின் எல்.எச்.சி.பி. குழு, புரோட்டானின் இனத்தைச் சேர்ந்த ஒரு கனத்த துகளிலும் 2.45 விழுக்காடு அளவுக்கு அந்த வேறுபாட்டை முதன்முறையாகக் கண்டது. ஆனால் இதுவரை அறிந்த வேறுபாடுகளை எல்லாம் கூட்டினாலும் தேவைக்குப் பல கோடி மடங்கு குறைவு.

மூன்றாம் நிபந்தனையில்தான் நிலைமாற்றம் வந்து நிற்கிறது. சமநிலையில் ஒவ்வொரு வினைக்கும் அதன் எதிர்வினை ஈடுகட்டிவிடும். எந்தக் கூடுதலும் தங்காது. சமநிலையைக் குலைக்கச் சிறந்த வழி கொதிப்பு போன்ற திடீர் மாற்றம். பிரபஞ்சத்தின் வெப்பம் ஒன்றுக்குப் பின் 15 சுழியம் போட்ட டிகிரியாக இருந்தபோது ஹிக்ஸ் புலம் விழித்துத் துகள்களுக்கு நிறை தந்தது. அது குமிழி குமிழியாக நடந்திருந்தால், விரியும் குமிழிச் சுவர்கள் துகள்களையும் எதிர்த்துகள்களையும் வேறு வேறு அளவில் உள்ளே விட்டு, கூடுதலை உள்ளே பூட்டியிருக்கும். 1996-ல் கயான்டியே, லைனே, ருமுகைனன், ஷப்போஷ்னிகோவ் நால்வரும் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஹிக்ஸ் துகளின் நிறை 80 கிகா எலெக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் குமிழி எழும். அதற்கு மேலே, ஆண்ட்ரூஸின் கரியமில வாயுவைப் போல, எல்லைக்கோடு முடிந்துவிடுகிறது. 2012-ல் செர்ன் கண்ட ஹிக்ஸின் நிறை 125. நாம் அறிந்த விதிகள் மட்டுமே இருந்திருந்தால் பிரபஞ்சம் கொதிக்காமல், மாறுநிலைப் புள்ளியைச் சுற்றிக்கொண்டு வழுக்கிச் சென்றிருக்கும். அப்படிச் சென்றால் நாம் இருக்க நியாயமில்லை.

குவார்க் பாய்மம் புரோட்டான்களாக உறைந்ததும் இப்படி வழுக்கிச் சென்ற மாற்றமே என்று 2006-ல் கணக்கு காட்டியது. ஆக, அறியாத விதி ஒன்று எங்கோ இருக்கிறது. ஹிக்ஸோடு சேர்ந்து இன்னொரு புலம் இருந்து கொதிப்பை உண்டாக்கியிருக்கலாம். அல்லது, 1986-ல் ஃபுகுகிட்டாவும் யனகிடாவும் சொன்னது போல, கனத்த நியூட்ரினோக்கள் சிதைந்து கூடுதலைத் தந்திருக்கலாம். அதற்கு நியூட்ரினோ தனக்குத்தானே எதிர்த்துகளாக இருப்பது துணை செய்யும், 1937-ல் எட்டோரே மயோரானா எண்ணியது போல. எனக்கு முதல் வழியில்தான் ஆர்வம் அதிகம், சோதித்துப் பார்க்க நேரடியான வாய்ப்பு இருப்பதால். குமிழிகள் மோதியிருந்தால் ஈர்ப்பலைகள் எழுந்திருக்கும். பிரபஞ்சம் விரிந்ததில் அவற்றின் அதிர்வெண் இன்று மில்லிஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கியிருக்கும். 2035-ல் ஏவத் திட்டமிட்டுள்ள ஐரோப்பிய விண்வெளி முகமையின் ‘லிசா’ விண்கலங்கள் அந்த அளவைத்தான் கேட்கும். நியூட்ரினோ வழியை ஜப்பானின் ஹைப்பர்-காமியோகாண்டேவும் அமெரிக்காவின் ‘டியூன்’ திட்டமும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டும் கட்டுமானத்தில் இருக்கின்றன.